பிக்அப்பில் டிரெய்லர் மாட்டி ஏற்காடு ஏறும் முன்: எத்தனை கிலோ இழுக்கலாம் என்று கணக்குப் போடுவது எப்படி?

கோரிமேடு தாண்டி அடிவாரம் போகிற ரோட்டில் டிரெய்லர் மாட்டிய பிக்அப் எதைப் பார்த்தாலும் என் கண் தானாக அதன் பின் சக்கரத்துக்குப் போகும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே எத்தனை விரல் இடைவெளி இருக்கிறது, வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு போகிறதா என்று பார்ப்பேன். நிறைய வண்டிகள் மூக்கைத் தூக்கிக்கொண்டுதான் போகின்றன. ஓட்டுகிறவரை நிறுத்திக் கேட்டால், "இது மூன்றரை டன் இழுக்கும்ணா, நெட்லயே போட்டிருக்கு" என்பார்.

அந்த மூன்றரை டன் பொய் இல்லை. வேறொரு நாட்டில், வேறொரு ரோட்டில், கிட்டத்தட்டக் காலியான வண்டிக்குச் சொன்ன எண் அது. உங்கள் வண்டிக்கு, உங்கள் ஆட்களும் மூட்டையும் ஏறின பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு காகிதம், ஒரு பேனா, எடைமேடையில் அரை மணி நேரம் இருந்தால் போதும்.

நான் பதினோரு வருடமாக நாகலூர் பக்கம் எஸ்டேட்களுக்கு உரமும் பைப்பும் ஏற்றிப் போய், காப்பி மூட்டையும் மிளகும் இறக்கிக்கொண்டு வருகிறேன். ஜெனரேட்டர், தண்ணீர் டேங்க், மரம் அறுக்கும் மிஷின் என்று டிரெய்லரிலும் இழுத்திருக்கிறேன். முதன்முதலாக டிரெய்லர் மாட்டப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பெரிய எண் எங்கிருந்து வருகிறது

மிட்சைஸ் பிக்அப் என்று அமெரிக்காவில் சொல்வது டொயோட்டா டகோமா, செவர்லே கொலராடோ, ஃபோர்டு ரேஞ்சர் வகை வண்டிகளை. நம் ஊரில் அந்த அளவில் கண்ணில் படுகிறவை டொயோட்டா ஹைலக்ஸும் இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸும். டகோமா அதிகபட்சமாகச் சுமார் 2,900 கிலோ இழுக்கும் என்றும், கொலராடோ சுமார் 3,500 கிலோ என்றும் அங்கே அறிவித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் விற்கிற ஹைலக்ஸ், ரேஞ்சர் பல மாடல்களுக்கு 3,500 கிலோ. ஆனால் அது பிரேக் உள்ள டிரெய்லருக்கு. பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் அதே வண்டிக்கு வெறும் 750 கிலோதான். நம் ஆட்கள் முதல் எண்ணைப் படித்துவிட்டு இரண்டாவதைப் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். நம் ஊரில் ஓடுகிற சின்ன டிரெய்லர்களில் பிரேக் உள்ளவை ரொம்பக் குறைவு என்பதால், நமக்கு வேண்டிய எண்ணே அந்த இரண்டாவதுதான்.

அமெரிக்காவில் இந்த எண்ணை எடுக்க, வாகனப் பொறியாளர் சங்கத்தின் எஸ்.ஏ.இ. ஜே 2807 என்று ஒரு சோதனை முறை இருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் டேம் பக்கம் ஒரு ஏற்றம். சுமார் 18 கிலோமீட்டர். 38 டிகிரி வெயிலில் ஏசியை முழுதாகப் போட்டுக்கொண்டு, டிரெய்லரோடு மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஏற வேண்டும். வண்டிக்குள் டிரைவரும் இன்னொருவரும் மட்டும். ஆளுக்கு 68 கிலோ என்று கணக்கு. மூட்டை கிடையாது, பின் சீட்டில் மாமா, அத்தை கிடையாது.

நம் மலையைப் பாருங்கள். சேலம் டவுன் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். அடிவாரத்திலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறுகிறோம். தூரத்திலும் உயரத்திலும் அந்த அரிசோனா ஏற்றத்துக்கு நம்முடையது கொஞ்சமும் குறைந்ததில்லை. அதற்கு மேல் நம்மிடம் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அங்கே வண்டி வேகத்தை விடாமல் ஒரே மூச்சில் ஏறும். இங்கே ஒவ்வொரு வளைவிலும் வேகம் செத்துப்போய், இரண்டாவது கியரிலோ முதல் கியரிலோ மறுபடி ஆரம்பிக்க வேண்டும். எதிரே பஸ் வந்தால் சரிவிலேயே நின்று கிளம்ப வேண்டும். அதனால் அந்த எண்ணை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது.

முதல் வேலை: எண்களைச் சேகரிப்பது

ஆர்.சி.யை எடுங்கள். அதில் காலி எடையும், லோடோடு வண்டி எவ்வளவு இருக்கலாம் என்ற மொத்த எடையும் இருக்கும். காலி எடையில் டிரைவர் எடை சேராது. சட்டத்திலேயே அப்படித்தான் வரையறுத்திருக்கிறார்கள். அதனால் உங்கள் உடம்பும் லோடுக் கணக்கில்தான் வரும்.

அடுத்து, வண்டியோடு வந்த கையேடு. டிரெய்லர் இழுப்பதைப் பற்றி ஒரு பகுதி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிரேக் உள்ள டிரெய்லருக்கு எவ்வளவு, பிரேக் இல்லாததற்கு எவ்வளவு, கொக்கி மேல், அதாவது டிரெய்லரின் முனை வண்டியில் மாட்டுகிற இடத்தில், எவ்வளவு எடை அமரலாம். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து எவ்வளவு இருக்கலாம் என்ற கூட்டு எடை வரம்பும் சில கையேடுகளில் இருக்கும். உங்கள் கையேட்டில் இதெல்லாம் இல்லையென்றால், கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் மெயிலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். வெளிநாட்டு வண்டியின் எண்ணை எடுத்து இங்கே பொருத்தாதீர்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் என்ஜின், பின் பட்டை ஸ்பிரிங், ரேடியேட்டர், கியர் விகிதம் நாட்டுக்கு நாடு மாறும்.

மூன்றாவது, டயர். பக்கவாட்டில் 265/60 ஆர் 18 110 என்கிற மாதிரி எழுதியிருக்கும். கடைசியில் உள்ள 110தான் சுமை எண். 110 என்றால் ஒரு டயர் 1,060 கிலோ தாங்கும். 106 என்றால் 950, 112 என்றால் 1,120, 104 என்றால் 900. விலை குறைவு என்று வேறு டயர் மாட்டினவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சில சமயம் பின் அச்சு தாங்குகிற எடையை டயர் தாங்காது.

எடைமேடை

இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். சேலத்தில் லாரித் தொழில் இருக்கிற இடங்களில் எல்லாம் எடைமேடைக்குப் பஞ்சமில்லை. செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் பக்கம் மண்டிகளுக்கு வருகிற வண்டிகள் தினமும் எடை போடுகின்றன. கூட்டம் குறைந்த மதிய நேரத்தில் போய், "அண்ணா, நாலு தடவை போடணும்ங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் சலித்துக்கொள்ள மாட்டார்கள்.

முதல் எடை: டேங்க் நிறைய டீசல், மலைக்குப் போகும்போது ஏறுகிற அத்தனை பேர், வழக்கமாக வண்டியில் கிடக்கும் ஜாக்கி, தார்ப்பாய், கயிறு, எல்லாவற்றோடும் வண்டி மட்டும். 75 லிட்டர் டீசலே 60 கிலோவுக்கு மேல் வரும். இரண்டாவது எடை: முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி. மூன்றாவது: டிரெய்லரையும் மாட்டி, லோடோடு, எல்லாம் சேர்த்து. நான்காவது: டிரெய்லர் மாட்டியபடியே, மறுபடி முன் சக்கரங்கள் மட்டும்.

மூன்றாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் டிரெய்லரின் உண்மையான எடை வந்துவிடும். இரண்டாவதையும் நான்காவதையும் ஒப்பிட்டால், டிரெய்லர் மாட்டியதால் முன் சக்கரத்திலிருந்து எவ்வளவு எடை தூக்கப்பட்டது என்று தெரியும். ஸ்டியரிங் பிடிப்பதும், பிரேக்கின் பெரும்பங்கு வேலையும் முன் சக்கரத்தில்தான். அது லேசானால் வளைவில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்காது. மழை ஈரத்தில் இன்னும் மோசம்.

ரசீதுகளைக் கிழித்துப் போடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு

கணக்குக்காக ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். காலி எடை 2,000 கிலோ. மொத்த எடை வரம்பு 2,900. கூட்டு எடை வரம்பு 5,000. பின்னால் மாட்டியிருக்கிற ஹிட்ச், அதாவது டிரெய்லரைக் கோக்கும் சட்டம், 1,500 கிலோவுக்குத் தகடு ஒட்டியது. டிரெய்லரில் பிரேக் இல்லை. பிரேக் இல்லாததற்குக் கையேடு தருகிற வரம்பு 750.

2,900-இல் 2,000 போனால் மிச்சம் 900. ஐந்து பேர் ஏறுகிறீர்கள், 350 கிலோ என்று வைப்போம். ஹிட்ச், பின் தொட்டிக்குப் போட்ட கேனோப்பி மூடி, கருவிகள் 100 கிலோ. இப்போது மிச்சம் 450. எப்படியும் மேலே போகிறோமே என்று எட்டு உர மூட்டைகளைப் பின்னால் போடுகிறீர்கள். மூட்டை 50 கிலோ வீதம் 400. மிச்சம் வெறும் 50 கிலோ.

அந்த 50 கிலோவுக்குள்தான் டிரெய்லரின் கொக்கி எடை அடங்க வேண்டும். டிரெய்லர் முழுவதும் அதன் சொந்தச் சக்கரத்திலேயே நிற்பதில்லை; அதன் எடையில் பத்தில் ஒரு பங்காவது உங்கள் வண்டியின் கொக்கி மேல் அமர்கிறது. அமரவும் வேண்டும், ஏன் என்று பிறகு சொல்கிறேன். கொக்கி எடை 50 கிலோ என்றால் டிரெய்லர் 500 கிலோதான் இருக்கலாம். மூன்றரை டன் என்று ஆரம்பித்த வண்டி அரை டன்னில் வந்து நிற்கிறது.

சரி, மூட்டைகளை இறக்கிவிடுகிறீர்கள். இப்போது வண்டியின் லோடு இடம் 450 கிலோ இருக்கிறது, அந்தப் பக்கம் தட்டாது. கூட்டு எடைப்படி 5,000-இல் 2,450 போக 2,550 கிலோ வரை இழுக்கலாம். ஹிட்ச் தகடு 1,500-இலேயே நிறுத்திவிடுகிறது. பிரேக் இல்லாததால் 750-இல் நிற்க வேண்டும். இருக்கிற வரம்புகளில் எது மிகச் சிறியதோ அதுதான் உங்கள் வரம்பு. இந்த வண்டிக்கு 750.

அதுவும் சமதள ரோட்டுக்கு. ஏற்காட்டுக்கு நான் அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போக மாட்டேன், 500 கிலோ. இது சட்டமும் இல்லை, கம்பெனி சொன்னதும் இல்லை. ஏற்றிப் பார்த்து, இறக்கிப் பார்த்து நான் வைத்துக்கொண்ட அளவு.

தண்ணீர் டேங்க் இழுப்பவர்கள் கவனியுங்கள். ஆயிரம் லிட்டர் என்றால் ஆயிரம் கிலோ, டேங்க்கும் டிரெய்லரும் தனி. பாரம் அதிகம் என்று பாதி நிரப்பினால் தண்ணீர் உள்ளே அலையடித்து, வளைவில் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். தடுப்புத் தகடு இல்லாத டேங்க்கில் ஒன்று நிரப்புங்கள், இல்லை காலியாகக் கொண்டு போங்கள். நிரப்பின எடை உங்கள் வரம்பைத் தாண்டினால் அந்த டேங்க் உங்கள் வண்டிக்கு உரியதல்ல.

கொக்கி எடை ஏன் இவ்வளவு முக்கியம்

டிரெய்லரின் பின்பக்கம் பாரம் அதிகமானால் கொக்கி மேலே தூக்கும். அப்போது வேகம் எடுத்தவுடன் டிரெய்லர் நாய் வால் மாதிரி இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கும். ஆட்டம் வண்டியையும் சேர்த்து ஆட்டும். ஓமலூர் பக்கம் பைபாஸில் 80-இல் போகும்போது இது வந்தால், நிமிஷத்தில் வண்டி குறுக்கே கிடக்கும். அதனால்தான் டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் அமர வேண்டும் என்கிறார்கள். கனமான பொருளை அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் வைத்து, மொத்த லோடில் சுமார் 60 சதவீதம் முன்பாதியில் வரும்படி அடுக்குங்கள். அப்புறம் அது நகராதபடி கட்டுங்கள். கொண்டை ஊசி வளைவில் நகர்ந்த ஜெனரேட்டர், நீங்கள் போட்ட கணக்கையும் சேர்த்து நகர்த்திவிடும்.

ஆட்டம் வந்துவிட்டால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள். வண்டியின் பிரேக்கைப் பதறி அழுத்தாதீர்கள். பின்னால் இருப்பது முன்னால் வந்து தள்ளும்.

கொக்கி எடையை அளக்க மண்டியில் மூட்டை போடும் பிளாட்ஃபார்ம் தராசு ஒன்று போதும். டிரெய்லரை லோடோடு சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கொக்கி முனையை வண்டியில் மாட்டும்போது இருக்கும் அதே உயரத்தில் ஒரு மரக்கட்டை மூலம் தராசில் நிறுத்துங்கள். தராசு காட்டுவதில் மரக்கட்டையின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். உயரம் மாறினால் எடையும் மாறும், அதனால் அளந்து வையுங்கள்.

கொக்கி பின் அச்சுக்கு வெகு பின்னால் இருப்பதால், அதில் வைத்த எடை பின் அச்சுக்கு அதைவிட அதிகமாகப் போகிறது. இரண்டு அச்சுக்கும் நடுவே 3.1 மீட்டர், பின் அச்சிலிருந்து கொக்கி 1.2 மீட்டர் தள்ளி என்றால், கொக்கியில் 150 கிலோ வைத்தால் பின் அச்சில் 208 கிலோ கூடும். முன் அச்சில் 58 கிலோ குறையும். கிணற்று ஏற்றம் மாதிரிதான், ஒரு முனை இறங்கினால் மறுமுனை எழும். நான் முதலில் சொன்ன மூக்குத் தூக்கல் இதனால் வருவதுதான். பின் பட்டையில் கூடுதல் இலை சேர்த்தால் மூக்கு இறங்கிவிடும். ஆனால் அச்சின் வரம்போ டயரின் வரம்போ ஒரு கிலோ கூடாது. நிறையப் பேர் பட்டை போட்டுவிட்டு லோடையும் கூட்டிவிடுகிறார்கள். வேண்டாம்.

ஹிட்ச் விஷயத்தில் நான் ஏமாந்தது

என் முதல் ஹிட்ச்சை ஒரு வெல்டிங் பட்டறையில் செய்துகொண்டேன். "யானையே கட்டி இழுக்கலாங்க" என்றார்கள். பார்க்கவும் கனமாகத்தான் இருந்தது. அதை சேஸிஸில் போல்ட் போடாமல், பின் பம்பரைத் தாங்கும் பிராக்கெட்டில் வைத்து வெல்டு அடித்திருந்தார்கள். எட்டு மாதம் கழித்து சர்வீஸுக்கு விட்டபோது மெக்கானிக் கீழே படுத்துப் பார்த்துவிட்டு என்னையும் படுக்கச் சொன்னார். வெல்டு ஓரமாகத் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல், இரண்டு விரல் நீளத்துக்கு ஓடியிருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் அதில் காப்பிப் பழம் உரிக்கும் மிஷினைக் கட்டி மஞ்சக்குட்டை போய் வந்திருந்தேன்.

ஹிட்ச் என்றால் இரண்டு பக்கச் சேஸிஸ் சட்டத்திலும் போல்ட் போட்டுப் பிடிக்கிற சட்டமாக இருக்க வேண்டும். எவ்வளவு இழுக்கும், கொக்கியில் எவ்வளவு அமரலாம் என்ற இரண்டு எண்களும் பொறித்த தகடு இருக்க வேண்டும். ஹிட்ச் முனையில் உள்ள உருண்டையின் அளவும், அதன் மேல் கவிழ்ந்து பூட்டுகிற டிரெய்லர் கப்ளரின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். 50 மில்லிமீட்டர் பரவலாகக் கிடைப்பது. பெரிய கப்ளரைச் சின்ன உருண்டையில் மாட்டினால் மாட்டின மாதிரியே இருக்கும், ஒரு பள்ளத்தில் துள்ளிக் கழன்றுவிடும். அதோடு இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகள், கொக்கிக்கு அடியில் பெருக்கல் குறி மாதிரி குறுக்காகப் போட வேண்டும். கழன்றாலும் டிரெய்லரின் முனை தரையில் குத்தாமல் சங்கிலி மேல் விழும்.

வண்டியில் எதை மாற்றினாலும், ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி முதலில் குறித்ததற்கு மாறாகப் போகக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. டிரெய்லருக்கும் தனிப் பதிவு வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நேரில் கேட்டு, பிறகு காசு செலவழியுங்கள். இன்சூரன்ஸ் பாலிசியில் டிரெய்லர் சேர்ந்திருக்கிறதா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ஓவர்லோடுக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு 194-வது பிரிவில் அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் மேலும் 2,000. கூடுதல் பாரத்தை அங்கேயே இறக்கவும் வேண்டும். வளைவில் நின்றுகொண்டு ஜெனரேட்டரை இறக்குவது எப்படி என்று யோசித்துப் பாருங்கள்.

ஏறும்போது

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் ஏறும்போது தவறு செய்தால் வண்டி நின்றுபோகும், அவ்வளவுதான்.

அடிவாரத்திலேயே நிறுத்தி எல்லா டயரிலும் காற்று பாருங்கள், டிரெய்லர் டயரையும் சேர்த்து. லைட், இன்டிகேட்டர், பிரேக் லைட் டிரெய்லரில் எரிகிறதா என்று இறங்கிப் பாருங்கள். மேலே பனிமூட்டம் வந்தால் பின்னால் வருகிறவருக்கு உங்கள் டிரெய்லர் மட்டும்தான் தெரியும். இரண்டாவது கியரில் என்ஜின் திணறாத வேகத்தில் போங்கள். ரேடியேட்டர் சூட்டு முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, ஒதுங்க இடம் இருக்கும் இடத்தில் நின்று, என்ஜினை ஐடிலில் ஓடவிடுங்கள். உயரம் ஏற ஏறக் காற்று மெலிவதால் என்ஜின் சக்தியும் குறையும். டர்போ டீசலில் அது அவ்வளவாகத் தெரியாது, டர்போ இல்லாத பழைய வண்டியில் ஏற்காடு உயரத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் போய்விடும். கிளட்ச்சில் பாதி கால் வைத்து வண்டியைச் சரிவில் நிறுத்தி வைக்காதீர்கள். ஹேண்ட் பிரேக்கில் நிறுத்தி, கிளம்பும்போது அதை விடுங்கள்.

கொண்டை ஊசி வளைவில் டிரெய்லர் உங்கள் வண்டி போன தடத்தில் வராது, உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். உட்பக்க ஓரம்தான் ரொம்பச் செங்குத்து; அங்கே டிரெய்லர் சக்கரம் ஏறினால் சுவரையோ கல்லையோ உரசும். அதனால் இடம் பார்த்து, ஹாரன் அடித்து, அகலமாகத் திரும்ப வேண்டும். எதிரே வண்டி இருந்தால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். நடு வளைவில் மாட்டிக்கொண்டு டிரெய்லரோடு ரிவர்ஸ் எடுப்பது கை தேர்ந்தவர்களுக்கே கஷ்டம். புதிதாக மாட்டியவர்கள் முதலில் ஒரு காலி மைதானத்தில் இரண்டு நாள் ரிவர்ஸ் பழகுங்கள். மே மாதம் கோடை விழா, மலர்க்கண்காட்சி சமயத்திலும் சனி, ஞாயிறுகளிலும் டிரெய்லரோடு மலைக்குப் போகவே போகாதீர்கள்.

இறங்கும்போது

முழு எச்சரிக்கையும் இங்கேதான் வேண்டும். "எத்தனை டன் இழுக்கும்?" என்று கேட்கிறோமே தவிர, "எத்தனை டன்னை நிறுத்தும்?" என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு சின்னக் கணக்கு. வண்டியும் டிரெய்லரும் சேர்த்து 3,500 கிலோ என்று வையுங்கள். 1,100 மீட்டர் இறங்கும்போது அந்த எடை விடுகிற சக்தி, 125 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. ஒரு பெரிய கல்யாண அண்டா அளவுத் தண்ணீர். காற்றும் டயரும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை ஒன்று என்ஜின் தாங்க வேண்டும், இல்லையென்றால் பிரேக் லைனிங் தாங்க வேண்டும். லைனிங் அந்தச் சூட்டைத் தாங்காது.

முதல் வருடம் எனக்கு இது நேர்ந்தது. ஒரு விசேஷத்துக்காக வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டர் டிரெய்லரைத் திருப்பிக் கொண்டுவந்தேன். டிரெய்லரில் பிரேக் இல்லை. எடை போட்டுப் பார்க்கவும் இல்லை. ஏறும்போது அருமையாக ஏறியதால் இறங்கும்போது மூன்றாவது கியரில் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு வந்தேன். பாதி மலையில் தீய்ந்த வாசனை வந்தது. முன்னால் போகிற பஸ்ஸினுடையது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வளைவில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. இரண்டு தடவை மிதித்து, முதல் கியருக்கு இறக்கி, மலைப்பக்கச் சாக்கடையில் இடது சக்கரத்தை இறக்கி நிறுத்தினேன். கூட வந்த மச்சான் குதித்து ஓடிப்போய் டிரெய்லர் சக்கரத்துக்கு முன்னால் கல் வைத்தார். ஒரு மணி நேரம் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

பழைய லாரி டிரைவர்கள் சொல்வது, ஏறின கியரிலேயே இறங்கு என்று. டிரெய்லர் இருந்தால் அதற்கும் ஒரு கியர் குறைவாக. ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் டி-யில் விடாமல் மேனுவல் மோடில் கீழ் கியரில் பூட்டிவையுங்கள். நியூட்ரல் என்ற பேச்சே கூடாது. தருமபுரியிலிருந்து வரும்போது தொப்பூர் இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விட்ட லாரிகள் என்ன ஆயின என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டே வராதீர்கள். வேகம் கூடினால் ஒரு தடவை நன்றாக அழுத்தி, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வேகம் குறைத்து, முழுதாக விடுங்கள். விட்ட நேரத்தில்தான் அது ஆறும். ஐந்தாறு வளைவுக்கு ஒருமுறை அகலமான இடத்தில் நின்று, சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ச் சூடு பாருங்கள், தொடாதீர்கள். புகை வந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிரம்மும் டிஸ்க்கும் விரிசல் விடும். காற்றில் ஆறட்டும்.

பிரேக் ஆயிலும் ஒரு விஷயம். அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், பெடல் உள்ளே போகும். எனக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்கும் என்று பிறகு மெக்கானிக் சொன்னார். மூன்று வருடமாக ஆயில் மாற்றியிருக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கையேடு அனுமதித்தால் டாட் 4 போடுங்கள். அதன் எல்லைகள் 230, 155.

டிரெய்லரில் பிரேக் வைக்க முடியுமானால் வையுங்கள். இரண்டு வகை உண்டு. ஒன்று, டிரெய்லர் முன்னால் தள்ளும்போது அந்தத் தள்ளலிலேயே பிடிப்பது. எளிமையானது, ஆனால் நீண்ட இறக்கத்தில் விடாமல் பிடித்துக்கொண்டே வந்து அதுவும் சூடாகும். அடிக்கடி நிறுத்தி ஆற விட வேண்டும். இன்னொன்று மின்சாரத்தில் வேலை செய்வது, டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் கட்டுப்பாடு இருக்கும். மலைக்கு இதுதான் நல்லது.

இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. பாரத்தோடு ஏறுகிறவர் நின்றால் மறுபடி கிளம்புவது எவ்வளவு சிரமம் என்று ஏறும்போது பார்த்திருப்பீர்கள்.

மழைக்காலத்தில் போவதற்கு முன் ரோடு திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தது நினைவிருக்கும். டிரெய்லரோடு பாதியில் மாட்டினால் திரும்பக்கூட இடம் கிடைக்காது.

இன்னொன்று. மேலே நின்றுபோன காரைக் கயிறு கட்டி இறக்கித் தர முடியுமா என்று கேட்பார்கள். என்ஜின் ஓடாத காரில் பிரேக் பூஸ்டரும் பவர் ஸ்டியரிங்கும் வேலை செய்யாது. பெடல் கல் மாதிரி ஆகிவிடும். இறக்கத்தில் அது உங்கள் முதுகில் வந்து மோதும். ரெக்கவரி வண்டிக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை வேண்டுமானால் கூட இருங்கள்.

அடிவாரம் வந்ததும் நேராக வீட்டுக்குப் போகாமல் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். டிரெய்லரின் இரண்டு சக்கர ஹப் பக்கமும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகச் சூடாக இருந்தால் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. கப்ளர், சங்கிலி, போல்ட் எல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டு, அன்றைய லோடு எத்தனை கிலோ, எந்தக் கியரில் இறங்கினீர்கள், எத்தனை முறை நின்றீர்கள் என்று எடைமேடை ரசீதின் பின்பக்கத்தில் எழுதி டேஷ்போர்டில் போட்டு வையுங்கள். அடுத்த தடவை ஒரு மூட்டை கூட ஏற்றலாமா என்று யாராவது கேட்டால், அந்தச் சீட்டை எடுத்துப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.